அடிப்பக்கத்து நம்பர்

மார்ச் 4, செவ்வாய்

லாப்டாப் காலையிலிருந்து கண் திறக்கவில்லை. விசிறி மட்டும் சுற்றுகிறது, திரை கறுப்பு. பாதி வரைந்த மாடிப்படி உள்ளே மாட்டிக்கொண்டது. கொத்தனார் போனில், "வரைபடம் வரலைன்னா வீட்டுக்காரர் ஏணி போட்டுத்தான் மேல போகணும் மேடம்" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

சர்வீஸ் கடைக்காரரிடம் பேசினேன். வாரண்டி இருந்தால் இலவசமாம். "சீரியல் நம்பர் மட்டும் சொல்லுங்க. அடிப்பக்கம் ஒட்டியிருக்கும்."

கவிழ்த்தேன். நம்பருக்கா பஞ்சம்? ஒன்றை வாசித்தேன். "அது மாடல் நம்பர்ங்க." இன்னொன்று. "அது கரண்டு அளவு." சீரியல் என்று போட்ட வரி மட்டும் தேய்ந்து, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 5

இவர் உதவி செய்தார். நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணியைப் பஞ்சில் தொட்டு, "அழுக்கு போனா எழுத்து பளிச்னு தெரியும்" என்று துடைத்தார். பளிச்சென்றுதான் இருக்கிறது. எழுத்துதான் இல்லை.

"முன்னாடியும் தெரியலையே" என்கிறார். இந்த மனிதரை என்ன செய்ய?

மார்ச் 6

லாப்டாப் வந்த அட்டைப்பெட்டியில் இருக்குமாம். பெட்டி அக்கா வீட்டுப் பரணில். வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

பேச்சு நின்று மாதக்கணக்காகிறது. வீட்டு வரைபடம் போடப் போகிறேன் என்று நான் பேங்க் வேலையை விட்டதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்வதற்குள் இவள் உளறிவிட்டாள். கேட்டால், "என்னைக்கு இருந்தாலும் தெரிய வேண்டியதுதானே" என்றாள். இப்போது நான் போய் அவள் முன்னால் நிற்பதா? மாடிப்படியைக் கையால் வரைந்தாலும் வரைவேனே தவிர —

மார்ச் 7

கையால் வரைந்தேன். "இது கிணறா மேடம்?" என்று கொத்தனார் கேட்கிறார்.

மார்ச் 8, சனி

சகலைகள் இருவரும் எங்களுக்குத் தெரியாமல் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். இவர் அத்தானுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். அத்தான் பெட்டியோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயையும் திறந்துவிட்டுக் கிசுகிசுத்தார். "எம்... ஏழு... மெதுவா பேசும்மா, அவ வெளியில நிக்கறா."

அவ்வளவுதான். கதவு இடிபடுகிற சத்தம். "யாருகிட்ட குசுகுசுன்னு பேச்சு? யாரு அவ?" குழாய் நின்றது. போன் கை மாறியது.

"ஏய், யாருடி நீ?"

"நான்தான்க்கா."

"என்கிட்ட கேட்டா வாய் சுளுக்கிக்குமா?" வைத்துவிட்டாள்.

கையில் இருப்பது ஒரு எம், ஒரு ஏழு.

மார்ச் 9, ஞாயிறு

அவளே கூப்பிட்டாள். ஹலோ கிடையாது. "எழுதிக்கோ. எம்."

"எம்-ஆ, என்-ஆ?"

"எம். மாமியார்ல வர்ற எம்."

எழுதினேன்.

"ஏழு. வி. வீம்புல வர்ற வி. பி. பிடிவாதத்துல வர்ற பி. அப்புறம் கே."

எனக்கு மட்டும் வாயில்லையா? "கோள் மூட்டறதுல வர்ற கேதானே?" என்றேன்.

"வேணும்னு சொல்லலடி. பேங்க்ல லீவான்னு உங்க மாமியார் கேட்டாங்க. வாயில வந்துடுச்சு."

"அன்னைக்கே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்க போனை எடுத்த?"

எடுக்கவில்லைதான். அவள் அழுதாள். நான் என்ன, கல்லா? நானும்தான். நடுவில் மூக்கைச் சிந்திவிட்டு "நாலு" என்றாள். அதுவும் நம்பரில் சேர்த்தி என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

மார்ச் 13

லாப்டாப் வந்தது. படியை அனுப்பியாயிற்று.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் முழுவதையும் வரைய என்னைக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லை, இவரைத் தவிர அவளிடம் மட்டும் போனில் சொல்லியிருந்தேன். மாமியார் காபியை அவளிடம் நீட்டிக்கொண்டே, "உன் தங்கச்சிக்கு என்னமோ பெரிய வேலை வருதாமே? என் பையன் பிடி கொடுத்தே பேச மாட்டேங்கறான்" என்றார்.

அக்கா டம்ளரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், காபியை ஒரே மடக்கில் குடித்தாள். நாக்கு வெந்திருக்கும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே. அவளையே கேளுங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது.