எழுதக் கூடாத மாத்திரை

கள்ளக்குறிச்சி,
மாசி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ராதிகா,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். சென்னைக் கூட்டத்தில் நீ பேசியதைக் காணொலியில் பார்த்தேன். உளவியலாளர்களுக்கு மருந்து எழுதும் உரிமையைக் கொடுத்தால் நோயாளிக்கு ஆபத்து என்றாய், மனநல மருத்துவர்கள் சார்பில். நல்ல கைத்தட்டல். நானும் தட்டினேன், பழக்கத்தில்.

ஒட்டிய இந்தக் கடிதத்தோடு உன் எதிரில் நிற்பவர் அரங்கநாதன், கல்வராயன் மலைக்காரர். பக்கத்தில் அவர் மனைவி இருசம்மாள். முன்பு தன்னை மறந்து காட்டுக்குள் நடந்து போய்விட்டவள், எங்கள் மலை முகாமில் கொடுத்த மாத்திரையால் தெளிந்து, இப்போது மாமியாரோடு சண்டை போடும் அளவுக்கு நலம்.

முகாமுக்கு வந்த மனநல மருத்துவர் தை மாதம் மாற்றலாகிப் போனார். பதிலுக்கு ஆள் இல்லை. உளவியலாளர் நான் இருக்கிறேன். "பேசிக்கினே இருந்தா ஆச்சா மேடம்? ஒரு சீட்டு எழுதிக் குடுங்களேன்" என்றார் அரங்கநாதன். எழுதக் கூடாது என்றேன். "அப்ப நீங்க இன்னா டாக்டரு?" என்றார். முனைவர் பட்டத்தை விளக்கத் தொடங்கிப் பாதியில் விட்டேன். அவர் மருந்துக்கடை வீரமணியிடம் போனார். வீரமணி பழைய அட்டையைப் பார்த்து, சீட்டே இல்லாமல் அதே மாத்திரையைக் கொடுத்தார்; கூடவே ஒரு டானிக். வீரமணியின் உரிமை பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

சென்ற வாரம் இருசம்மாள் தனியாக வந்தாள். நாள் தள்ளிப் போயிருக்கிறது. ஏற்கெனவே இரண்டு கலைந்தவள். மூன்று மாதம் ஆகாமல் வாய்விட்டால் தங்காது என்று புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. "ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேங்க்கா. நீங்கதான் மாத்திர குடுக்கறவங்க இல்லியே" என்றாள்.

அந்த மாத்திரை கருவுக்கு ஆகாது. சட்டென்று நிறுத்தினால் மறுபடி காட்டுக்குப் போவாள். பதிலாக எதை, எவ்வளவு என்பது எனக்குத் தெரியாது. இதை உன் அடுத்த உரையில் சேர்த்துக்கொள்.

இங்கே ஒரு மருத்துவரிடம் அனுப்பினேன். அவளைத் தனியாகக் கேளுங்கள் என்று போனிலும் சொன்னேன், "பார்க்கிறேன் மேடம்" என்றார். அரங்கநாதன் எதிரிலேயே நாள் தள்ளியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றிருக்கிறாள். அதையே தொடரட்டும் என்று எழுதிவிட்டார். உரிமையுள்ள பேனா. இன்று காலையும் விழுங்கியிருப்பாள்.

உன்னைப் போனில் பிடிக்க முடியவில்லை; உதவியாளர் அடுத்த மாதம் நேரம் தருகிறார். அதனால்தான் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி அவர்களே உன் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

அரங்கநாதனை டீ குடிக்க அனுப்பிவிட்டு அவளிடம் கேள். உடனே சொல்ல மாட்டாள். வெளியே வரிசை நிற்கட்டும். நீ சும்மா உட்கார்ந்திரு. என் வேலை அதுதான். அதைச் செய்ய உனக்கு எந்தத் தடையும் இல்லை, ராதிகா.

உன் கை ராசியான கை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

உன்,
செந்தமிழ்ச்செல்வி