யார் வீட்டு மேல் அந்த நட்சத்திரம்?

பொன்னேரி
1-4-1970

சம்பந்தி மணவாளன் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் சுகம். நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மகன், உங்கள் மாப்பிள்ளை துளசிராமன்.

சில நாளாக விடியற்காலையில் வால் நட்சத்திரம் தெரிகிறது. எங்கள் மீன் கடை வாசலில் நின்று பார்த்தால் நேராகப் பழவேற்காட்டில், உங்கள் வீட்டுக் கூரை மேல் தொங்குகிறது. ஊர்ப் பெரியவர்களும் பார்த்து, கெட்ட சகுனம் என்று முகம் சுளிக்கிறார்கள். ஆகையால் 12ஆம் தேதிக் கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவைப்போம். கோபிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தேசப்பன் (கைநாட்டு)

மாமா, அப்பா சொன்னதை எழுதினேன். எனக்கு இதில் சம்மதமில்லை. – துளசி.

*

பழவேற்காடு
4-4-1970

அன்புள்ள சம்பந்தி தேசப்பன் அவர்களுக்கு,

இது என் சொந்தக் கையெழுத்து! அறுபத்து மூன்று வயதில் எழுதும் முதல் கடிதம். என் மகள் அங்காளம்மாள் தன் பழைய சிலேட்டில் ஆறு மாதமாக எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். வலை காயப்போட்டுவிட்டு உட்கார்ந்தேன். வலை காய்ந்துவிட்டது, கடிதம் முடியவில்லை.

உங்கள் கடிதத்தையும் நானே படித்தேன். படிக்கத் தெரிந்ததும் இதையா படிக்க வேண்டும்? ஆவணிக்குள் நட்சத்திரம் போய்விடும். அதன் கெட்ட பெயர் என் பெண்ணோடு தங்கிவிடும். அப்புறம் அவளை யார் கேட்டு வருவார்கள்?

அது எங்கள் வீட்டு மேல் இல்லை. எங்களுக்கும் வடகிழக்கே, கடல் மேல்தான் தெரிகிறது. படகில் துரத்தியும் பார்த்தேன். தள்ளித் தள்ளிப் போகிறது. என் வீட்டுக்காரி செங்கம்மாள் சிரிக்கிறாள்: "நம்ம ஊட்டு மேல தொங்குனா நாம அண்ணாந்து இல்ல பாக்கணும்? வாசல்ல நின்னுக்கினு கடலப் பாக்கறோமே, இன்னா நாயம்?"

ஒன்று செய்வோம். எங்கள் லைட்ஹவுஸ் விளக்கு உங்களுக்குத் தரையோடு ஒட்டித் தெரியும். எனக்குக் கழுத்து வலிக்கும் உயரம். நட்சத்திரமும் எங்கள் ஊரில் தொங்கினால் அப்படித்தானே இருக்க வேண்டும்? 8ஆம் தேதி காலை ஐந்து மணிக்கு – எங்களுக்கு மாதா கோயில் மணி, உங்களுக்கு ஐந்து மணி ரயில் – கையை நீட்டி, வயல் வானத்தைத் தொடும் கோட்டில் முஷ்டியை வைத்து, நட்சத்திரம் வரை முஷ்டி மேல் முஷ்டியாக எண்ணுங்கள். நானும் கடல் கோட்டிலிருந்து எண்ணுகிறேன். இருவர் எண்ணிக்கையும் மாறினால் கல்யாணத்தைத் தள்ளுகிறேன். ஒன்றாக இருந்தால் அது யார் வீட்டுக்கும் வந்ததல்ல. நிலா மாதிரி எட்டாத தூரத்தில் தன் வழியே போகிறது. கல்யாணம் நடக்கும்.

இப்படிக்கு,
மணவாளன் (கைநாட்டு இல்லை, பாருங்கள்)

*

பழவேற்காடு
8-4-1970

சம்பந்திக்கு,

ஒரு முஷ்டி, இரண்டு விரல். மூன்று முறை எண்ணினேன். உங்கள் எண்ணிக்கை தெரியும் முன்பே தபாலில் போடுகிறேன். அங்காளம்மாள் காலையிலிருந்து அதே பானையைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

மணவாளன்

*

பொன்னேரி
9-4-1970

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் எட்டாம் தேதிக் கடிதம் இன்றுதான் வந்தது. நான் நேற்றே துளசியிடம் சொல்லிக் காலண்டரில் எழுதிவைத்தேன்: ஒரு முஷ்டி, இரண்டு விரல்!

பெரியவர்களையும் வரப்பில் நிறுத்தி எண்ண வைத்தேன். அவர்களில் வீரராகவன், "வெள்ளன எழுப்பி வானத்துக்குக் குத்து வுட வெச்சிட்டியே தேசப்பா! கல்யாணத்துல ரெண்டு இலை எனக்கு" என்றார். அவருக்கும் அதே எண்ணிக்கை.

ஞாயிறு விடியுமுன் நான்கு வண்டிகளில் கிளம்புகிறோம். அந்த நட்சத்திரம் மாடுகளுக்கு நேர் எதிரே நிற்கும், வழி தவறாது.

சீர் எதுவும் வேண்டாம். அந்தச் சிலேட்டை மட்டும் பெண்ணோடு அனுப்புங்கள். எனக்கும் ஐம்பத்தெட்டுதான் ஆகிறது.

தேசப்பன் (கைநாட்டு, இதுவே கடைசி)

மாமா, நன்றி. – துளசி.

*

பழவேற்காடு
10-4-1970

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் கடிதத்தைத் தெருவில் நின்று உரக்கப் படித்தேன். எல்லோரும் கேட்டார்கள். அங்காளம்மாள் பானையைக் கீழே வைத்துவிட்டாள்.

சிலேட்டு மட்டும் தர முடியாது. அதில் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. உங்களுக்குப் புதிதாக ஒன்று வாங்கி மஞ்சள் பூசி வைத்திருக்கிறேன்.

வாருங்கள்.

மணவாளன்