வாகைக்குளம் ரோட்டில் எடுத்த படங்கள்

தூத்துக்குடி
ஞாயிறு மாலை

அன்பு மகன் செந்தில்முருகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, செல்வி, நான் மூவரும் சுகமாயிருக்கிறோம். மஸ்கட் வெயிலில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகன் துணையிருக்கட்டும். போனில் சொன்னால் பாதியிலேயே விடும்மா என்பாய், அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படி.

உன் தங்கை செல்வியின் கேமராவைப் போலீஸ் ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டது வரைக்கும்தான் உனக்குத் தெரியும். வாகைக்குளம் விமான நிலையத்து வேலிக்கு வெளியே ரோட்டோரம் நின்று, சென்னை விமானம் இறங்குவதைப் படமெடுத்திருக்கிறாள், காவலுக்கு நின்றவர் பிடித்துக்கொடுத்துவிட்டார். "தப்புப் பண்ணிட்டேன், இனி எடுக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ" என்று ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார்கள். அப்பா கடையை அடைத்துவிட்டு ஓடிவந்து, எழுதிக் கொடுத்துவிடு தாயி, போய்விடலாம் என்றார். நீயும் போனில் அதையே சொன்னாய். வேம்பார் அத்தை, கல்யாணத்துக்கு இருக்கிற பிள்ளைக்கு இது தேவையா என்றாள். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. எது தப்பு என்று யாருமே சொல்லாதபோது, தப்புச் செய்தேன் என்று பிள்ளை எப்படிக் கையெழுத்துப் போடுவாள். எழுதாமலே கூட்டி வந்துவிட்டேன், கேமரா அங்கேயே இருந்துவிட்டது.

மறுநாள் கோர்ட் பக்கத்தில் இருக்கும் வக்கீல் ஷெர்லியைப் போய்ப் பார்த்தோம். விமான நிலையத்துக்கு உள்ளே என்றால் அனுமதி வேண்டும், ராணுவம் சம்பந்தப்பட்ட இடம் என்றால் பேச்சே கிடையாது, எடுக்கக் கூடாது என்று போர்டு வைத்திருந்தாலும் எடுக்கக் கூடாது, ஆனால் பொது ரோட்டில் நின்று வானத்தில் போகிற விமானத்தை எடுக்கக் கூடாது என்று தனக்குத் தெரிந்து ஒரு சட்டமும் இல்லை என்று அந்தப் பிள்ளை பொறுமையாகச் சொன்னது. போலீஸ் சந்தேகப்பட்டு விசாரிப்பதில் தப்பில்லை, நாமும் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லி, எங்களோடு ஸ்டேஷனுக்கு வந்தது.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "சட்டம் பேச வந்திருக்கியளோ" என்றார். நான் உட்காரவில்லை. "சண்டைக்கு வரல சார், எந்தச் சட்டத்துல கூடாதுன்னு காட்டுங்க, நானே எழுதித் தாரேன்" என்றேன். அவர் கேமராவை எடுத்துவரச் சொல்லி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். எல்லாம் விமானமும் மேகமும்தான், ஒன்றில் மட்டும் காவல்காரர் நிற்கிற கூண்டு அப்படியே தெரிந்தது. "இது காவல் நிக்க இடம்மா, இத எவனாவது பாத்து உள்ள வந்தாம்னா நாங்கதான பதில் சொல்லணும்" என்றார். அது நியாயம்தானே. செல்வியே அதை அழித்தாள். மற்றதெல்லாம் இருக்கட்டும் என்று கேமராவைக் கையில் கொடுத்தார், எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை.

ஆனால் செல்வி கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாப்பாடும் சரியில்லை, ரோட்டில் போலீஸ் ஜீப்பைக் கண்டால் முகம் மாறுகிறது. இப்படியே விட்டால் பயம் நிலைத்துவிடும் என்று இன்றைக்கு நானே பஸ் ஏற்றிக் கூட்டிப் போனேன். ஒளிந்து நிற்கவில்லை, நேரே காவல்காரரிடம் போய், இங்கன நின்னு படம் எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கம்மா, கூண்டு விழாம எடுங்க" என்றார். விமானம் வந்தது. முதல் படம் கலங்கிவிட்டது என்று அழுதாள். அடுத்ததற்குள் அழுகை நின்று, தள்ளி நில்லும்மா வெயில் மறைக்குது என்று என்னையே அதட்டினாள்.

உனக்கு அவள்மேல் அக்கறை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இனிமேல் அவளிடம் எதற்கு வம்பு என்று சொல்லாதே, என்ன எடுத்தாய் என்று கேள். நல்லெண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி கண் விழிக்காதே. நீ நூறு வருஷம் நன்றாயிரு. மறக்காமல் ஒன்று, கோடை லீவுக்கு வரும்போது சென்னையிலிருந்து வருகிற விமானத்தில் ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கி உட்கார். நாங்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்போம்.

உன் அம்மா,
செல்லத்தாய்