ஆரோக்கியத்தின் புல்வரிசை

ஐப்பசி, வியாழக்கிழமை, இரவு

இன்றைய வயிற்றெரிச்சலுக்குக் காரணங்கள்:

1. இன்றைய மழை.
2. ஆரோக்கியத்தின் புல்வரிசை.
3. அந்த யோசனையைச் சொன்னவன் நான்.

கரியாலூர்ச் சரிவில் என் மரவள்ளிக் கொல்லையின் மேல்மண் மழையில் ஓடைக்குப் போய்விட்டது. பக்கத்துக் கொல்லைக்காரர் ஆரோக்கியம் சரிவுக்குக் குறுக்கே புல் நட்டிருக்கிறார். அவருடைய மண் அப்படியே இருக்கிறது. ஊரே நின்று அதைப் பார்த்தது. எனக்கு வயிறு எரிந்தது.

“இன்னா சார், ஓடையில வெவசாயம் பண்ணப் போறீங்களா?” என்று ஆரோக்கியம் சிரித்தார்.

“புல் நடச் சொன்னதே நான்தானே?” என்றேன், மெல்ல.

“அப்டிங்களா? ஞாபகம் இல்லீங்க சார். வேணும்னா புல்லு பேத்துக்கினு போங்க.”

இதுவரை எழுதிவிட்டு, ஆதாரத்துக்காகப் போன வருடத்து நாட்குறிப்பைப் புரட்டினேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது: “ஆரோக்கியம் புல் நடப்போகிறாராம். நாலு வரிசை மரவள்ளி வீணாகும், வேண்டாம் என்றேன்.”

மேலே எழுதிய மூன்றாவது காரணம் தவறு.