பத்தொன்பது பெயர்கள்

இன்று மைசூர் அக்ரஹாரத்தில் பேனா வாங்கப் போன கடையில், பக்கத்தில் நின்றவருக்கு ஸ்டாம்ப் பேடு ஒன்றைத் திறந்து காட்டினார்கள். அந்த ஊதா மையின் வாசனை மூக்கில் ஏறியதுமே எடுத்த பேனாவை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்தேன். கடைக்காரர், "ஏனாயித்து மேடம்?" என்று பதறினார். அவரிடம் என்னத்தைச் சொல்ல? உன்னிடம் சொன்னால்தான் புரியும். நீயோ போய்விட்டாய்.

நம் வாசகர் வட்டத்துக்கு முதல்முதலாக ஒரு சிறு மானியம் கிடைத்திருந்தது, இலக்கியமும் பழங்குடி வழக்காறுகளும் பற்றி ஊர்மக்களோடு கூடிப் பேசுவதற்கு. நீ கௌதள்ளிக்காரி. அந்தக் காட்டோரத்துச் சோலிகப் பழங்குடிகளைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவள். நீ கூப்பிட்டாய் என்றுதான் பத்தொன்பது பேர் பஸ் ஏறி மைசூருக்கு வந்தார்கள். நான் வாசலில் மேசை போட்டு, ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் எழுதி, பக்கத்தில் ஊதா மையில் பெருவிரல் ரேகை வாங்கினேன்.

"கதை சொல்ல வந்தவங்ககிட்ட எதுக்குடீ ரேகை கேக்கறே? இதென்ன பத்திர ஆபீசா?" என்றாய்.

"ஆதாரம் காட்டாட்டி அடுத்த வருஷம் மானியம் வராதுடீ. உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

அவர்கள் பாட்டில் பாறையும் ஓடையும் பெயர் சொல்லி வந்தன. "இந்தப் பாறைக்குக் கீழதான் எங்கப்பனப் பொதைச்சோம்" என்று ஒருவர் பாட்டை நிறுத்திச் சொன்னார். அந்தப் பாறையை வளைத்து வேலி போட்டு விடுதி கட்டிக்கொண்டிருந்தவனின் ஆட்கள் அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

சமையல்கட்டு வழியாக எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டு நீ திரும்பி வந்தாய். இரும்புக் கம்பியால் நாற்காலிகளை நொறுக்கினார்கள். பாடியவர்களின் முகம் அவர்களுக்குத் தெரியாது, அந்த இடத்துக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்களின் பெயர்தான் வேண்டும். "லிஸ்ட் எல்லி?" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே லிஸ்டைத் தேடினார்கள். என் கையிலிருந்த தாளைப் பிடுங்கி நீ வாயில் திணித்துக்கொண்டாய். தாடையில் கம்பி இறங்கியது. பல் தெறித்தது. முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார்கள், மறுபடியும் மோதினார்கள். நீ வாயைத் திறக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? "குடுத்துடுடீ! உசிரு முக்கியம்டீ!" என்று அலறினேன். ரத்தத்தோடு மென்றுகொண்டே என்னைப் பார்த்தாய். விழுங்கிய பிறகுதான் விழுந்தாய். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றுபோயிற்று. அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவர்மீதும் கை படவில்லை. போன மாதம்கூட வந்து அதே பாறையைப் பாடினார்கள். மானிய ஆபீசிலிருந்து போன். "வந்தவங்க லிஸ்ட் இல்லாம எப்படி மேடம்?"

"லிஸ்ட் கெடையாது. வேணும்னா நீங்களே வந்து உக்காந்து எண்ணிக்குங்க" என்று வைத்துவிட்டேன். போனால் போகட்டும், பீடை.

எழுதிய கை என் கைதானே. பத்தொன்பது பெயரும் வரிசையாக எனக்கு மனப்பாடம். விடிந்ததும் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். எந்தத் தாளிலும் எழுத மாட்டேன். உனக்கு எழுதுகிற இந்தத் தாளிலும் எழுதவில்லை, பார்.