விபூதி டப்பாவில் இருந்த மாத்திரை

அக்கா,

இன்று காலை விபூதி டப்பாவைத் திறந்ததும் உன் ஞாபகம் வந்தது. மாமியார் கண்ணில் படக்கூடாதென்று நீயும் உன் வீட்டில் இப்படி ஒரு டப்பாவுக்குள்தான் மாத்திரை அட்டையை ஒளித்து வைத்திருந்தாய். இதற்குள் இருந்தது என் மாத்திரை. அதே மாத்திரை. பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று அம்மாதான் உள்ளே வைத்தாள்.

எனக்குப் பத்தொன்பது ஆகிறது. வகுப்பறைக்குள் போனாலே நெஞ்சு அடைத்துப் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன் அல்லவா, அந்தப் பயம் நீ போன பிறகு தெருவுக்கும் வந்துவிட்டது. மாத்திரை தொடங்கியபின்தான் வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை வேலைக்குத் தனியாக பஸ் ஏறுகிறேன். அம்மாவோ, "இந்த பௌர்ணமியோட மாத்திரைய நிறுத்திடு. மலைய சுத்தி வேண்டிக்கலாம்" என்கிறாள். உன்னிடம் சொன்ன அதே வார்த்தை.

வயிற்றிலிருந்தது கலைந்த பிறகு நீ மாதக்கணக்கில் அழுதாய். மாத்திரைதான் அதை நிறுத்தியது. கீழ்பென்னாத்தூரிலிருந்து நீ வந்திருந்த ஒரு மத்தியானம், நம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டே சொன்னாய்.

"அழுகை நின்னுடுச்சுடி. ஆனா அவரு பக்கத்துல வந்தா ஒண்ணுமே தோணல. பாசம் இருக்கு, ஆசை இல்ல. உடம்பு மரத்துப் போன மாதிரி கெடக்குது."

"டாக்டர்கிட்ட சொல்லுக்கா."

"இதையா? அந்த டாக்டரு என் பேரைக் கூப்பிட்டாலே எனக்கு வெக்கமா இருக்கு. நீ வேற!"

ஈரப் புடவை முனையால் என் தலையில் அடித்துச் சிரித்தாய்.

பிறகு ஒருநாள், விபூதி எடுக்கப் போன உன் மாமியார் கையில் அட்டை அகப்பட்டது. நேராக நம் வீட்டுக்கு வந்தார். "என் புள்ள பக்கத்துல போனா கட்டை மாதிரி கெடக்குறாளாம். எல்லாம் அந்தப் பைத்தியக்கார மாத்திரை. அதை விட்டாத்தான் வீட்ல தொட்டில் ஆடும்." அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வாசலுக்குப் போய் மலையைப் பார்த்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டாள்: இனி மாத்திரை கிடையாது, பௌர்ணமிதோறும் கிரிவலம். வேண்டிய பிறகு ஒரு மாத்திரை போட்டாலும் சாமி குத்தம். டாக்டரை ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மாத்திரையை நிறுத்திய சில நாளில் வந்த பௌர்ணமிச் சாயங்காலம், கிரிவலத்தில் அடி அண்ணாமலை தாண்டும்போது நீ சட்டென்று நின்றாய். "தலைக்குள்ள ஷாக் அடிக்குதுடி" என்றாய். என் முகத்தைப் பார்த்ததும் சிரிக்க முயன்றாய். "எல்லாரும் மலைய சுத்துறாங்க. எனக்கு மட்டும் மலை என்னை சுத்துது."

"நடந்து பழக்கம் இல்ல, அதான். நட" என்றாள் அம்மா. என் கையைப் பிடித்த உன் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

அந்த வாரமே மாமாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது விழுந்தாய். தலைசுற்றலா, ரோட்டுப் பள்ளமா, யாருக்கும் தெரியாது. காரியம் முடிந்த அன்று மாமா சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "அவளுக்கு என்னைப் பிடிக்காம போயிடுச்சுன்னு நெனச்சேன்."

நேற்று, உன்னைப் பார்த்த அதே டாக்டரிடம் போனேன். எனக்கும் வெட்கம்தான். "எங்க அக்காவுக்கு…" என்று ஆரம்பித்துத் தரையைப் பார்த்தபடியே கேட்டு முடித்தேன்.

அவர் காய்ச்சலைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசினார். "மூளையில செரோட்டோனின்னு ஒண்ணு இருக்கும்மா. ஒரு நரம்புலேர்ந்து இன்னொரு நரம்புக்கு சேதி கொண்டு போறது. இந்த மாத்திரை அதோட வேலைய ஜாஸ்தி பண்ணுது, அதான் பயம், அழுகையெல்லாம் தணியுது. ஆனா ஆசையத் தூண்டுற நரம்புங்களையும் அதுவே சில பேருக்கு அடக்கிடும். புருஷனப் பிடிக்கலன்னு அர்த்தம் இல்ல. சொல்லியிருந்தா அளவ கம்மி பண்ணியிருக்கலாம், வேற மருந்து மாத்தியிருக்கலாம். சட்டுனு நிறுத்தினா தலை சுத்தும், ஷாக் அடிக்கும். நாங்க சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும்."

அவ்வளவுதான் அக்கா. இவ்வளவு சின்ன பதில். அதைக் கேட்டு மாமாவிடம் சொல்ல உனக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை.

எனக்கு எல்லாமே பயமாக இருக்கிறது. மாத்திரை என்னையும் அப்படி ஆக்கிவிடுமோ என்று பயம். விட்டால் தலைக்குள் அந்த ஷாக் வருமோ என்று பயம். இன்று காலை அம்மா கையை நீட்டினாள்.

"குடுடி, தூக்கிப் போட்டுடறேன்."

"தர மாட்டேம்மா. வர்றவங்ககிட்டயும் சொல்லிடு."

"சொன்னா உன்னை எவன்டி கட்டிப்பான்?"

"தெரியல." அட்டையை டப்பாவிலிருந்து எடுத்து, எல்லாரும் தலை வாருகிற கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். எடுக்கவில்லை.

விரலில் ஒட்டியிருந்த விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டு கிளம்பினேன். பயமும் கூடவே பஸ் ஏறியது. திருப்பத்தில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தேன். மலை அசையாமல் நின்றது.