எந்த மைன்ஸில் எடுத்தது?

என் செல்ல அக்கா செல்விக்கு,

உனக்கு எழுதினால் நல்ல சேதியாக எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. உன் மகள் கயல் முகத்தில் சன்ஸ்கிரீன் பூசமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

உன்னைக் கொண்டுபோன லூபஸ் நோய் அவளுக்கும் வந்துவிட்டது. உனக்கு வந்தது போலவே இரண்டு கன்னமும் சிவந்து தடித்திருக்கின்றன. வெயில் பட்டால் ஏறும், கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை போகும் என்று டாக்டர் சொன்னார். உனக்குச் சொன்ன அதே வார்த்தைகள். நெய்வேலி வெயிலில் பள்ளிக்குப் போய்வரும் பிள்ளையை நான் எதற்குள் ஒளித்து வைப்பேன்?

ரசாயன கிரீம் கடலில் கரைந்து பவளப்பாறையைக் கெடுக்குமாம் என்று படித்துவிட்டு, இயற்கையான மினரல் சன்ஸ்கிரீன் ஒன்றைத் தேடிப் பிடித்தாயே, அதையேதான் வாங்கி வைத்திருக்கிறேன். நீ வெள்ளை முகத்தோடு வந்து நிற்க, அம்மா அந்த டப்பாவை வாங்கிப் பார்த்தது நினைவிருக்கிறதா?

"மினரல்னா மைன்ஸ்லேர்ந்து வர்றதுதான? எந்த மைன்ஸ்ல எடுத்தாங்களாம், ஒண்ணாவதா ரெண்டாவதா?"

நம்மவர்களுக்கு உலகத்தில் இருப்பதே நெய்வேலியின் இந்த நிலக்கரி மைன்ஸ்தானே. நீ சிரித்த சிரிப்பில் கிரீம் கண்ணில் இறங்கி எரிந்தது.

இப்போது உன் மகள் அதையே கேட்கிறாள், சிரிக்காமல். "இது எந்த ஊரத் தோண்டி எடுத்தது சித்தி?"

இந்தக் கிரீமில் சேர்க்கும் துத்தநாகத்தை வெட்டி எடுத்து உலையில் உருக்குவது, டைட்டானியத்துக்காகக் கடற்கரை மணலை அள்ளுவது, எல்லாம் பள்ளியில் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். "கடலக் காப்பாத்த கடற்கரைய அள்ளுவாங்களா? இதுக்குப் பேரு இயற்கையா?" டப்பாவில் பச்சை இலை வேறு போட்டிருக்கிறது. நம் வீடும் முந்திரித் தோப்பும் இருந்த இடம் இன்று மைன்ஸ் தோண்டிய பள்ளம். அதன் விளிம்புக்கு அவளைக் கூட்டிப்போய், நம் அடுப்படி எங்கே இருந்தது என்று கைகாட்டியவள் நீதானே.

மாமா மைன்ஸ் ஷிப்ட் முடிந்து வந்து, பெற்ற மகளிடம் கத்தினார். "மைன்ஸ் சம்பளத்துல துன்னுக்கினு மைன்ஸையே பேசறியா?" அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். அவர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து அழுதார்.

முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தேன், பெரிய குடை வாங்கினேன். துணி மூடுகிற இடத்துக்குக் கிரீம் வேண்டாம், முகத்துக்கு மட்டும் போதும் என்று பேரம் பேசினேன். "பூசிக்கிறேன். ஆனா ஊர் பேரச் சொல்லணும்" என்றாள். டப்பாவில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். "இயற்கையானதுதாங்க மேடம், பயப்படாதீங்க" என்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால் வைத்துவிடுகிறார்கள்.

நேற்றுக் காலை தடிப்பு மூக்குவரை ஏறியிருந்தது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ஊருன்னு நெனச்சிக்கம்மா. உங்கம்மா வூட்டு மண்ணுன்னு நெனச்சிக்க" என்றேன்.

"அப்ப அந்த ஊர்லயும் யாராவது அழுதிருப்பாங்கல்ல சித்தி" என்றாள். பிறகு கண்ணை மூடி முகத்தைக் காட்டினாள். கன்னத்திலும் மூக்கிலும் பூசினேன். பூசி முடித்துப் பார்த்தால் அப்படியே உன் முகம்.

அந்த ஊரின் பெயரை எப்படியாவது கண்டுபிடித்து அவளிடம் சொல்வேன் அக்கா. அதுவரை தினமும் பூசிவிடுவேன், அதற்குப் பிறகும் பூசிவிடுவேன். அவளை உன்னிடம் அனுப்ப மாட்டேன். நீயும் கூப்பிடாதே.

உன் தங்கை,
உன் மகளுக்கு மிச்சமிருக்கும் அம்மா,
பரிமளா